இரண்டாவது கதவு

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைத்த இலவச லேப்டாப் திட்டம் எங்கள் ஆமத்தூர் வரை வந்து சேர மறு வருஷம் ஆனது. விருதுநகரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் தங்கை ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸிலிருந்து அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அம்மா அதை நேராக சாமி படத்துக்குக் கீழே வைத்து, மூடியின் ஓரத்தில் சந்தனம் தொட்டு வைத்த பிறகுதான் திறக்க விட்டார். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் இருந்த வீடு எதுவும் இல்லை. அன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் திண்ணையில்தான்.

14 இஞ்ச் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். மூடியில் முதலமைச்சர் படம். கூடவே, எங்கள் மாவட்டக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றே சொல்லி வரும் அரசு முத்திரை. சுவிட்சைப் போட்டதும் திரையில் இரண்டு வரி வந்து நின்று, எதைத் திறக்கட்டும் என்று கேட்கும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து இந்தியாவுக்கென்று உருவாக்கியது அது.

அந்த இரண்டாவது வரியை யாரும் தொட்டதில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. விண்டோஸ் ஸ்டார்ட்டரில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பெரிய குறை இருந்தது: முகப்புப் படத்தை மாற்ற முடியாது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பில் அந்த வசதியையே வைக்கவில்லை. தனக்குப் பிடித்த நடிகரின் படத்தை வைக்க முடியாத லேப்டாப்பை பதினேழு வயதுப் பிள்ளை எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்? விருதுநகர் பஜாரிலும் சிவகாசியிலும் கம்ப்யூட்டர் கடைகளில் அந்த மாதங்களில் கூட்டம் அலைமோதியது. முந்நூறு ரூபாய் கொடுத்தால் உள்ளே இருப்பது அத்தனையையும் அழித்துவிட்டு, விண்டோஸ் 7 அல்டிமேட்டின் திருட்டுப் பிரதியை ஏற்றித் தருவார்கள். பாஸ் லினக்ஸ் முதல் வாரத்திலேயே ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து போனது இப்படித்தான். தங்கையின் லேப்டாப்பிலும் போனது. விண்டோஸ் வந்தது, முகப்பில் படமும் வந்தது, வீடே மகிழ்ந்தது.

2012-இல் எங்கள் பக்கம் கரண்ட் வருவதும் போவதும் எப்படி இருந்தது என்று அந்த வருஷத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டு. மோட்டார் ஓடாது, மாவு அரைக்க முடியாது. ஆனால் சார்ஜ் இருக்கிற வரைக்கும் லேப்டாப் ஓடும். அந்த வெளிச்சத்தில் அவள் படித்தாள், அப்பத்தா பழைய படம் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல அது வேறு ஒன்றாக மாறியது. யார் போனில் இடம் நிறைந்தாலும் தங்கையிடம் வந்து, "இதையெல்லாம் உன் லேப்டாப்ல போட்டு வையி" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் அத்தை அக்னிச்சட்டி எடுத்த படம், சித்தப்பா வீட்டுக் காதணி விழா, தங்கை கல்யாணம், வளைகாப்பு, கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்து அப்பத்தாவைப் பேசச் சொல்லி எடுத்த வீடியோக்கள். தீப்பெட்டி ஆபீஸில் சின்னப் பிள்ளையாகக் குச்சி அடுக்கிய காலத்தைப் பற்றி அப்பத்தா பேசியது அதில்தான் இருந்தது. அப்பத்தா 2016-இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பைப் படிப்புக்கான பொருள் என்று யாரும் நினைக்கவில்லை. குடும்பத்தின் இரும்புப் பெட்டி அது.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறவன். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று என் கையில் ஓடாத வேலை இல்லை. நான் சேர்ந்த காலத்தில் அச்சகத்தின் பின்கட்டில் நீளமான இரும்பு ரேக்குகள் இருந்தன. ஒவ்வொரு லேபிளின் பாசிட்டிவ் பிலிமும் காகித உறையில், வேலை எண்ணோடு அங்கே இருக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு கம்பெனிக்காரர் வந்து, "அந்தப் பழைய லட்சுமி படம் போட்ட லேபிள்தான் வேணும், வியாபாரி அதைத்தான் கேக்கிறான்" என்றால், ரேக்கைத் திறந்து பிலிமை எடுத்துப் பிளேட் போட்டுவிடலாம். கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல் போனாலும் பிலிம் இருக்கும். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் எடுக்கிற மெஷின்கள் வந்தன. பிலிமுக்கு வேலை இல்லாமல் போயிற்று, ரேக்குகள் பழைய இரும்புக்குப் போயின. இடம் மிச்சம், செலவு மிச்சம் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தானாகவே இருந்துவந்த இரண்டாவது பிரதியும் அந்த ரேக்கோடு போனதை அன்றைக்கு யாரும் பேசவில்லை.

2025 ஆடி மாதம் லேப்டாப் நின்றது. ஆடிப்பெருக்குக்கு சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள், எங்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத காலம். தங்கை சாத்தூரிலிருந்து போன் பண்ணினாள். "அண்ணே, ஆன் பண்ணினா கறுப்புத் திரைல ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்னு வருது. கொஞ்ச நாளாவே ரொம்ப மெதுவாத்தான் இருந்துச்சு." எனக்கு உடனே ஹார்டு டிஸ்க் மேல்தான் சந்தேகம் போனது. மெதுவாவது, ஒரு ஃபோல்டரைத் திறந்தால் உறைந்து நிற்பது, பிறகு ஒருநாள் சிஸ்டமே இல்லை என்று சொல்வது — டிஸ்க் சாகப்போகிறபோது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் சொல்லும்.

அந்த டிஸ்க்குக்கு நான் ஒரு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதாவது செகண்டுக்கு 90 தடவை. அதற்கு மேலே படிக்கிற தலை தட்டைத் தொடாமல், காற்றின் மீதே மிதந்து நகரும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய எண்பதாயிரம் நானோமீட்டர். தட்டுக்கும் தலைக்கும் நடுவில் இருப்பது பத்து நானோமீட்டருக்கும் குறைவு. கரிசல் மண் தூசி, சித்திரை வெயில், நினைத்த நேரத்தில் போன கரண்ட் எல்லாவற்றுக்கும் நடுவில் இது 13 வருஷம் ஓடியிருக்கிறது. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கான ராமாக் 24 இஞ்ச் தட்டுகள் ஐம்பதை அடுக்கி ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் வைத்துக்கொண்டது. இன்றைய போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்குக்கூட அது பத்தாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய அதே மாதங்களில்தான் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின, உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறியது. அப்படி ஒரு காலத்தில் கிராமத்துப் பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் 320 ஜிபி வந்து சேர்ந்தது சின்ன விஷயம் இல்லை.

ஒரு சர்வீஸ் கடைக்குத் தங்கை முதலில் கொண்டுபோயிருந்தாள். கடைத் தம்பி நல்ல பையன், உண்மையைச் சொன்னான். "அக்கா, டிஸ்க் போச்சு. புதுசு மாட்டி விண்டோஸ் ஏத்தித் தந்துர்றேன், சாயங்காலம் வாங்கிக்கலாம். உள்ள இருக்கிற டேட்டாவுக்கு நான் பொறுப்பில்லை." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆயிரம் கடைகளில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் லேப்டாப்பைச் சரிசெய்வதும் டிஸ்க்கில் இருப்பதைக் காப்பாற்றுவதும் இரண்டு வேலை. இரண்டாவது வேலையை முதலில் செய்ய வேண்டும். அதைச் சொல்லித்தான் தங்கையை ஆமத்தூருக்கு வரச்சொன்னேன்.

பேட்டரியைக் கழற்றி, அடிப்பக்கத்து மூடியின் திருகுகளைத் தளர்த்தினால் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் இருக்கும். பக்கவாட்டில் நான்கு திருகு. இழுத்தால் கனெக்டரை விட்டு வந்துவிடும். யூஎஸ்பி கேபிள் ஒன்றில் மாட்டி, என் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு, டிஸ்க்கின் உடல்நிலைக் கணக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றி ஸ்மார்ட் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் 'டக், டக்' என்று தலை மோதுகிற சத்தம் இல்லை. அதுதான் நம்பிக்கை. அந்தச் சத்தம் வந்தால் அதற்கு மேல் கரண்டே கொடுக்கக் கூடாது, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து எடு, தட்டிப் பார் என்று ஊரில் சொல்லும் வைத்தியம் எல்லாம் இருக்கிறதையும் கெடுத்துவிடும்.

பழுதான டிஸ்க்கிலிருந்து ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்து நகல் எடுப்பது கூடாது. கெட்ட இடம் ஒன்றில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அதற்குள் நல்ல இடமும் கெட்டுவிடும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதை வேறு விதமாகச் செய்கிறது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். தகராறு பண்ணுகிற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். நல்லது எல்லாம் பத்திரமான பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு கணக்கு ஃபைலில் எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல எனக்குப் பட்டது.

முதல் சுற்று ஒரு ராத்திரியில் முடிந்தது. கடைசிச் சுரண்டல்தான் நாட்களை இழுத்தது. முடிந்தபோது டிஸ்க்கின் மிகப் பெரும்பகுதி கையில் இருந்தது. அப்பத்தா வீடியோக்களில் ஒன்று நடுவில் உறைகிறது, மற்றவை முழுசாக வந்துவிட்டன. சில படங்கள் மட்டும் பாதிதான். மேல் பாதியில் பந்தல், வாழைமரம், தலைகள். கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம். படத்தை மேலிருந்து கீழாகப் பதிகிற முறையில், நடுவில் ஒரு துண்டு போனால் அதற்குக் கீழே எல்லாம் இப்படித்தான் ஆகிவிடும். வளைகாப்புப் படம் ஒன்றில் தங்கையின் முகம் இருக்கிறது, வளையல் அடுக்கிய கைகள் இல்லை. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு ஆலையில் போர்மேனாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். "எல்லாத்தையும் ஒரே ரூம்லயா வச்சிருந்தீக?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுதவைத்தது. எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் இருக்கும் பட்டாசு ஆலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய கட்டடம் இருக்காது, சின்னச் சின்ன அறைகள் தூரம் தூரமாக நிற்கும். மருந்து கலக்கிற அறை வேறு, செலுத்துகிற அறை வேறு, வெயிலில் காயப்போடுகிற மேடை வேறு, சரக்கு வைக்கிற மேகசின் அதற்கெல்லாம் எட்டத்தில். இத்தனை கிலோவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது, செலுத்துகிற அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட கதவு வேண்டும், அவை வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வெடிபொருள் விதிகளில் இருப்பதைத்தான் அப்பா மனப்பாடமாகச் சொல்வார். ஒரு அறை போனால் அந்த ஒன்றோடு நிற்க வேண்டும், அடுத்த அறை பிழைக்க வேண்டும். இதை மீறினால் என்ன ஆகும் என்பதை, அந்த லேப்டாப் வீட்டுக்கு வந்த அதே 2012-இல், செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மாவட்டமே அழுதுகொண்டு பார்த்தது. உயிரையும் போட்டோவையும் ஒரு தராசில் வைக்க நான் துணியமாட்டேன். நான் சொல்ல வருவது, பிரித்து வைக்கிற அறிவு எங்களுக்குப் புதிது இல்லை என்பதுதான். மூன்று தலைமுறையாக அதில் பிழைப்பு நடத்துகிற மண்ணில், ஒரு குடும்பத்தின் 13 வருஷம் ஒற்றைத் தட்டின் மேல், ஒற்றைக் கதவு உள்ள அறையில் கிடந்திருக்கிறது. ஒரு வீட்டில் இல்லை, தெரு முழுக்க இப்படித்தான்.

இனி லேப்டாப் வேலை. புதிதாக வாங்கியது எஸ்எஸ்டி. 256 ஜிபி, இரண்டாயிரம் ரூபாய்க்குள். அதில் சுற்றுகிற தட்டு கிடையாது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1987-இல் வெளியிட்ட நேண்ட் ஃப்ளாஷ் நினைவகத்தின் வாரிசு அது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் கனம், இது 7 மில்லிமீட்டர். தகரச் சட்டத்தில் திருகுத் துளைகள் சரியாக உட்கார்ந்தாலும், கனெக்டர் தளர்ந்து ஆடாமல் இருக்க, கூட வந்த பிளாஸ்டிக் சட்டத்தை அண்டக் கொடுத்தேன்.

பயாஸில் புது டிஸ்க்கின் பெயர் தெரிந்தது. ஆனால் பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் பண்ணப் போனால் பென் டிரைவையே அது கண்டுகொள்ளவில்லை. இப்போதைய மென்பொருள்கள் பென் டிரைவைத் தயார்செய்யும்போது யூஇஎஃப்ஐ என்கிற புது முறைக்கென்றே எழுதிவிடுகின்றன. அந்த லேப்டாப்பின் பயாஸுக்குத் தெரிந்தது பழைய முறை மட்டும்தான். பென் டிரைவை எம்பிஆர் என்கிற அந்தப் பழைய முறையில் திரும்ப எழுதி, புது டிஸ்க்கையும் அதே முறையில் பிரித்தபோது ஓடியது. டிஸ்க்கை மாற்றியும் லேப்டாப் எழுந்திருக்கவில்லை என்று தூக்கிப்போடுகிறவர்கள், டிஸ்க்கிலோ போர்டிலோ குறை தேடும் முன்னால் இந்த ஓர் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். அதோடு சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குழப்பம் அடுத்ததாக வந்தது. எல்லாம் ஓடுகிறது, இன்டர்நெட்டும் கிடைக்கிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை, சான்றிதழ் செல்லாது என்றே எல்லாப் பக்கமும் சொன்னது. மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் 2012 ஜனவரி 1. போர்டில் இருக்கிற சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. பெரிய பேட்டரியைக் கழற்றியதும் அதற்கு நாள் நினைவு போய், ஆரம்ப நாளுக்கே திரும்பிவிட்டது. 2025-இல் கொடுத்த சான்றிதழ் 2012-இல் இருக்கும் மெஷினுக்கு இன்னும் பிறக்காத ஒன்று, அதனால் நம்ப மறுக்கிறது. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கிற பேட்டரி ஒன்றைப் போட்டுத் தேதியைத் திருத்தியதும் எல்லாப் பக்கமும் திறந்துகொண்டது.

வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும், அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்ற முடிச்சில் பழைய காலத்தில் பலர் லினக்ஸை விட்டு ஓடியிருக்கிறார்கள். டெபியன் 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பிலிருந்து அந்த ஃபர்ம்வேர்களை இன்ஸ்டாலரோடு சேர்த்தே தருகிறது. அதிலும் கிடைக்கவில்லை என்றால் போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் போதும்.

லினக்ஸைத்தான் ஏற்றுவது என்று தொடக்கத்திலேயே நின்று யோசித்துத்தான் முடிவு செய்திருந்தேன். அந்த லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 என்று நாள் குறித்திருந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சிப் கேட்கும், அந்தக் காலத்து லேப்டாப்பில் அது இல்லை. அந்த மெஷினுக்கு நீண்ட நாள் ஓடக்கூடிய முறையான விண்டோஸ் வழி அடைபட்டுவிட்டது. திறந்திருந்த வழி லினக்ஸ். 2012-இல் முந்நூறு ரூபாய் கொடுத்து அழித்தோமே, அந்தப் பாஸ் லினக்ஸ் எதன் மேல் கட்டப்பட்டதோ, அதே டெபியன்.

எங்களுக்கு அதைப் புரிந்துகொள்ள 13 வருஷம் ஆனது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் தமிழ்நாட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். 2007 வாக்கில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், அரசுக் கம்ப்யூட்டர்களையும் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களையும் லினக்ஸுக்கு மாற்ற முனைந்து நின்றார். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்குப் போகச் சொன்னது. பிள்ளைகளின் லேப்டாப்பில் அந்த இரண்டாவது வரியை வைத்தவர்களும் யோசித்துத்தான் வைத்தார்கள். வைத்த கையோடு, ஒரு ஆசிரியரை அனுப்பி ஒரு மணி நேரம் அதைத் திறந்து காட்டியிருந்தால் போதும். லட்சக்கணக்கான லேப்டாப்புகள் இன்று பரணில் கிடக்காது. பொருளைக் கொடுத்தவர்கள் அதைப் பழக்கிக் கொடுக்கவில்லை. இலவசத்தை எதிர்த்துப் பேசுகிறவர்கள் லேப்டாப்பே தண்டம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த லேப்டாப் இல்லாவிட்டால் என் தங்கை கல்லூரிப் படிப்பை முடித்திருக்க மாட்டாள்.

2 ஜிபி ராமோடு இன்னொரு 2 ஜிபி பழைய டிடிஆர்3 கிடைத்தது. மெல்லிய எக்ஸ்எஃப்சிஇ முகப்பைப் போட்டேன். ஃபேனைத் துடைத்து, காய்ந்து கட்டியாகிவிட்ட தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷத்துக்குள் வந்து நிற்கிறது. புதிதாக வந்தபோதுகூட அது இவ்வளவு வேகமாக இருந்ததில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மருமகள் முதல் வேலையாகக் கேட்டது, "மாமா, இதுல என் போட்டோ வைக்க முடியுமா?" முடியும் என்று வைத்துக் காட்டினேன்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. தங்கை கல்யாணப் பத்திரிகையை நான்தான் பேஜ்மேக்கரில் செய்தேன், பழைய தமிழ் எழுத்துருவில். மீட்ட ஃபைலிலிருந்து எழுத்தை எடுத்தால் வந்து நின்றது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குவியல். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துரு அது, எழுத்துரு இல்லாத மெஷினில் தமிழே இல்லை. 2010-இல் அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் அச்சகங்களில் நாங்கள் பழைய எழுத்துருக்களிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம், வேகத்துக்காக. மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினேன், தாத்தாக்கள் பெயர்களோடு பத்திரிகை முழுசாக வந்துவிட்டது. சிவகாசியில் முப்பது வருஷ வேலை இப்படிப் பூட்டிக் கிடக்கிறது. அச்சக முதலாளிகள் காலண்டர் சீசன் முடிந்த தை மாசத்தில் ஒரு ஆளைப் போட்டாவது இதை மாற்றி வைக்க வேண்டும்.

எஸ்எஸ்டியைப் பற்றித் தங்கையிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருக்கிறேன். பழைய டிஸ்க் சாகும் முன்னால் மெதுவானது, முனகியது, நேரம் கொடுத்தது. எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் போய்விடும். அழித்த ஃபைலை மீட்பதும் அதில் பெரும்பாலும் நடக்காது. கரண்டே இல்லாமல் வருஷக்கணக்கில் பரணில் போட்டுவைத்தால் உள்ளே எழுதியது மங்கவும் கூடும். அதனால் மீட்டது எல்லாம் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: சாத்தூரில் லேப்டாப்பில், ஆமத்தூரில் என் மேசையில் ஒரு டிஸ்க்கில், மூன்றாவது திருப்பூர் சித்தப்பா வீட்டில். பாதியாக வந்த படங்களின் பட்டியலைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். வளைகாப்புப் படம் அத்தை மகன் போனில் முழுசாக இருந்தது. வளையல் அடுக்கிய கைகளோடு.

2025 மார்ச் பட்ஜெட்டில் அரசு மறுபடியும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாக அறிவித்தது. அது வருவதற்குள் எங்கள் தெருவில் பழைய லேப்டாப்புகள் பரணை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டன. தங்கையின் லேப்டாப் ஓடுகிற சேதி பரவி, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் திண்ணையில் யாராவது பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பி வந்தான். அவன் அக்காவின் லேப்டாப். ஆன் பண்ணிக் காட்டுகிறேன் என்று சுவிட்சில் கையை வைத்தான்.

"ஆன் பண்ணாதப்பா," என்றேன். "முதல்ல உள்ள என்ன இருக்குன்னு சொல்லு. அது வேற எங்கயாச்சும் இருக்கா?"